எல்லாக் கட்சியும் ஒரே மேசையில்: புதுச்சேரியில் ஒரு பத்திரிகைக் கடை

தேர்தல் நேரத்தில் பத்திரிகைகளை ஒழுங்காகப் படிக்க ஓர் இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சின்ன மணிக்கூண்டுப் பக்கம் கையைக் காட்டுகிறேன். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், குறுக்குத் தெரு ஒன்றில், முன்னால் விற்பனையும் பின்னால் படிப்பறையுமாக ஒரு கடை இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டார். இருக்கும் இடத்துக்கு இப்போது வருகிறவர்களே போதும் என்பது அவர் கணக்கு. தேடிப் போகிறவர்கள், வாசல் கயிற்றில் ‘முரசொலி’யும் ‘நமது அம்மா’வும் அடுத்தடுத்துத் தொங்கும் கடையைப் பாருங்கள். அதுதான்.

சாதாரண நாட்களில் பத்து ரூபாய் கொடுத்தால் உள்ளே உட்கார்ந்து எது வேண்டுமானாலும் படிக்கலாம். தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் பதவியேற்பு வரை அவர் தனியாக ஒரு சந்தா போடுகிறார். ‘தேர்தல் கட்டு’ என்று அதற்குப் பெயர். மாதம் நானூறு ரூபாய். தமிழ் நாளிதழ்கள், ஆங்கில நாளிதழ்கள், கட்சிப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் காலை ஆறு மணிக்குள் நீள மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிடுவார். மடித்து அடுக்குவதில்லை. விரித்துத்தான் வைப்பார், எல்லாவற்றின் முதல் பக்கமும் ஒரே பார்வையில் படும்படி. மாலையில் மிஞ்சும் பிரதிகளில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகலாம், மறுநாள் திருப்பித் தர வேண்டும்.

பல ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். எனக்குப் பத்திரிகையைப் படிப்பதற்கு முன்னால் பார்க்கும் பழக்கம் உண்டு. எந்தச் செய்திக்கு எத்தனை பத்தி, எந்தத் தலைவரின் படம் மடிப்புக்கு மேலே, எவருடைய கூட்டம் ஏழாம் பக்கத்தின் கீழ்மூலையில் என்று கண் முதலில் அங்கேதான் போகும். ஒரே ஒரு பத்திரிகையை வீட்டில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ஒரே நாளின் பத்திரிகைகள் எல்லாம் பக்கத்தில் இருந்தால்தான், ஒன்று எதைப் பெரிதாக்கியிருக்கிறது, இன்னொன்று எதை விட்டுவிட்டது என்பது தெரியும். இந்தக் கடையை நான் இவ்வளவு விரும்புவதற்கு அந்த மேசைதான் காரணம்.

நம் நாட்டின் பொதுப் பத்திரிகைகள் ‘இந்தக் கட்சிக்கு வாக்களியுங்கள்’ என்று தலையங்கத்தில் பெயர் சொல்லி எழுதுவது அரிது. சாய்வு இருக்கும்; அறிவிப்பு இருக்காது. பிரிட்டனில் தேர்தல் நெருங்கும்போது பெரும்பாலான பத்திரிகைகள் தங்கள் ஆதரவை வெளிப்படையாகச் சொல்வது வழக்கம். இதற்காகவே தம்பி ஒரு நறுக்குக் கோப்பு வைத்திருக்கிறார். இணையத்திலிருந்து அச்செடுத்து, ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதி ஒட்டியது. பின்சுவர் அலமாரியில் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார். அவசியம் கேளுங்கள்.

அதில் 2010 பக்கங்களில் நான் வெகுநேரம் நின்றேன். அந்த மே 6 தேர்தலுக்கு முன் ‘கார்டியன்’ லிபரல் டெமாக்ரட் கட்சியை ஆதரித்தது. ‘டைம்ஸ்’ 1992-க்குப் பிறகு முதல் முறையாகக் கன்சர்வேட்டிவ் பக்கம் வந்தது. வாக்கு எண்ணி முடித்தபோது 650 இடங்கள் கொண்ட அவையில் கன்சர்வேட்டிவ் 306, லேபர் 258, லிபரல் டெமாக்ரட் 57. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டு கட்சிகள் கூட்டணி சேர்ந்தன: கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரூன் பிரதமர், லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் துணைப் பிரதமர். கன்சர்வேட்டிவ் வரக்கூடாது என்று நினைத்து, கார்டியன் சொன்ன கட்சிக்கு வாக்களித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்கள் வாக்கு கன்சர்வேட்டிவ் பிரதமருக்கே முட்டுக்கொடுத்தது. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று பத்திரிகை சொல்லலாம். அந்த வாக்கு நாளை யாரோடு சேரும் என்பதையும் கூடவே சொல்லாவிட்டால் வாசகருக்குப் பாதி செய்திதான் கிடைத்திருக்கிறது. தம்பி அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் ‘பிறகு?’ என்று ஒரே சொல் எழுதியிருக்கிறார்.

அடுத்த பக்கம் 2015. ‘சன்’ பத்திரிகை இங்கிலாந்தில் கன்சர்வேட்டிவ் கட்சியை ஆதரித்தது. அதே நாளில் அதன் ஸ்காட்லாந்துப் பதிப்பு ஸ்காட்லாந்து தேசியக் கட்சியை ஆதரித்தது. ஒரே முதலாளி, ஒரே பெயர், இரண்டு ஊர், இரண்டு ஆதரவு. ‘இண்டிபென்டன்ட்’ பழைய கூட்டணியே தொடரட்டும் என்று எழுதியது. மக்கள் வேறு மாதிரி எழுதினார்கள்: கன்சர்வேட்டிவ் தனியாகவே பெரும்பான்மை பெற்றது, லிபரல் டெமாக்ரட் 57-இலிருந்து 8-க்கு இறங்கியது. கூட்டணியில் சிறிய பங்காளியாகப் போய் உட்காருகிற கட்சி என்ன விலை கொடுக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தமிழிலும் வெளிப்படையாக நின்றவர்கள் உண்டு. 1908-இல் சென்னையிலிருந்து இந்த ஊருக்கு வந்து வெளியான பாரதியின் ‘இந்தியா’ தான் எந்தப் பக்கம் என்று மறைத்ததே இல்லை. 1996-இல் ‘துக்ளக்’ ஆசிரியர் சோ, தி.மு.க.வும் மூப்பனாரின் தமிழ் மாநிலக் காங்கிரஸும் (த.மா.கா.) சேர்ந்த அணிக்காக உழைத்தார். அந்த அணி தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளையும் எடுத்தது, டில்லியில் ஐக்கிய முன்னணி அரசில் த.மா.கா.வின் ப. சிதம்பரம் நிதியமைச்சர் ஆனார். இந்த வரிசையைக் கோப்பில் பார்த்த பிறகுதான் கட்சிப் பத்திரிகைகள் மீது எனக்கு மரியாதை வந்தது. கட்சிப் பத்திரிகையைத் தொடவே கூடாது என்று சொல்லும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முரசொலியைக் கையில் எடுக்கும்போது அது தி.மு.க.வின் குரல் என்று தெரிந்துதான் எடுக்கிறோம். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நடுநிலை என்று பெயர்ப்பலகை போட்டுக்கொண்டு பத்தி அளவில் சாய்வதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

2024 மக்களவைத் தேர்தலில் இந்தச் சேவையின் முழுப் பயனும் தெரிந்தது. புதுச்சேரியும் தமிழ்நாடும் முதல் கட்டமாக ஏப்ரல் 19-ஆம் தேதியே வாக்களித்துவிட்டன. முடிவு ஜூன் 4. இடையில் ஒன்றரை மாதம், மற்ற மாநிலங்கள் ஆறு கட்டங்களாக வாக்களிப்பதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். மை காய்ந்த விரலோடு நாங்கள் படித்ததெல்லாம் அடுத்தவர் தேர்தல்தான். ஆனால் ஆட்சி அமைப்பது அந்த அடுத்தவர்களின் கணக்கில்தான் இருந்தது.

புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்றால் இந்த நகரம் மட்டும் இல்லை. காரைக்கால், மலையாளம் பேசும் மாஹே, தெலுங்கு பேசும் ஏனாம் எல்லாம் சேர்ந்து ஒரே மக்களவைத் தொகுதி. மாஹேயிலிருந்தும் ஏனாமிலிருந்தும் வந்து இங்கே அரசுப் பணியில் இருப்பவர்கள் சிலர் இந்தக் கடையின் சந்தாதாரர்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த ஊர்ப் பத்திரிகையைக் கொண்டுவந்து மேசையில் போட வேண்டும் என்று தம்பி அவர்களோடு ஏற்பாடு செய்திருக்கிறார், அவர்களுக்குச் சந்தாவில் பாதியைத் தள்ளிவிடுகிறார். பத்திரிகை ஓரிரு நாள் பழையதாக இருக்கும். இருந்தாலும் நான் இந்த மேசையில் கற்றுக்கொண்டவற்றில் பாதி அந்தப் பழைய பத்திரிகைகளிலிருந்து வந்தது.

‘தீக்கதிர்’ தமிழில் மார்க்சிஸ்ட் கட்சியின் நாளிதழ். ‘தேசாபிமானி’ மலையாளத்தில் அதே கட்சியின் நாளிதழ். இங்கே மதுரையில் சு. வெங்கடேசன் காங்கிரஸும் இருந்த அணியின் வேட்பாளர். புதுச்சேரியில் காங்கிரஸின் வைத்திலிங்கத்துக்கு இடதுசாரிகள் ஆதரவு. அங்கே கேரளத்தில் காங்கிரஸ்தான் எதிரி. வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்து, மார்க்சிஸ்ட் கட்சியின் தோழமைக் கட்சியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆனி ராஜா நின்றார். ஆகவே ஒரே கட்சியின் இரண்டு பத்திரிகைகள், ஒரே மேசையில், கை எட்டும் தூரத்தில், ஒன்று ‘இந்த அணிக்கு’ என்றது, மற்றது ‘இவர்களுக்கு எதிராக’ என்றது. மாஹேக்காரர் ஒருவர் தேசாபிமானியின் தலைப்புகளை வாசித்துத் தமிழில் சொன்னபோது பெஞ்சில் இருந்த தீக்கதிர் வாசகர் முகம் சுளிக்கவில்லை. “கேரளத்துக்கு அது சரி, நமக்கு இது சரி, டில்லியில் இரண்டும் ஒரே பக்கம்தான் உட்காரும்” என்றார். அவர் சொன்னபடியே ஆனது. மார்க்சிஸ்ட் கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்த நான்கு இடங்களில் மதுரை, திண்டுக்கல், ராஜஸ்தானின் சீகர் ஆகிய மூன்றும் காங்கிரஸோடு சேர்ந்து வென்றவை. கேரளத்தின் ஆலத்தூர் மட்டும் காங்கிரஸை எதிர்த்து வென்றது. கூட்டணி அரசியலைப் புரிந்துகொள்ள விரும்பும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

ஏனாம்காரர் கொண்டுவந்த தெலுங்குப் பத்திரிகைகள் அதைவிட முக்கியமாகிப்போயின. ‘ஈநாடு’ ராமோஜி ராவ் தொடங்கியது, சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசம் கட்சிக்கு நெருக்கமானது என்று ஆந்திரம் முழுவதும் அறியும். ‘சாட்சி’ எதிரணியில் இருந்த ஜெகன்மோகன் ரெட்டி குடும்பத்தின் பத்திரிகை. எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. ஆனால் இரண்டின் படங்களையும் தலைப்பு எழுத்தின் பருமனையும் பார்த்தாலே போதும்: இரண்டு வெவ்வேறு மாநிலங்களைப் பற்றிய பத்திரிகைகளோ என்று தோன்றும். தமிழ்ப் பத்திரிகைகளோ அந்த வாரங்களில் ஆந்திரத்துக்கு உள்பக்கத்தில் இரண்டு பத்திதான் கொடுத்துக்கொண்டிருந்தன. தம்பி மட்டும் மே 13 ஆந்திர வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், சந்திரபாபு நாயுடு 2018-இல் தேசிய ஜனநாயகக் கூட்டணியை விட்டுப் போனதும் 2024 மார்ச்சில் திரும்பியதுமான செய்தி நறுக்குகளை அந்தத் தெலுங்குப் பத்திரிகைகளுக்கு மேலே கிளிப் போட்டு வைத்தார். அதற்குப் பக்கத்திலேயே நிதீஷ் குமார். 2023 ஜூனில் பாட்னாவில் எதிர்க்கட்சிகளைக் கூட்டியவர், 2024 ஜனவரியில் பா.ஜ.க.வோடு சேர்ந்தவர். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. கடைக்காரரிடம் ஒரு பத்திரிகை ஆசிரியர் இருக்கிறார் என்று நான் அன்றே வீட்டில் சொன்னேன்.

ஜூன் 2-ஆம் தேதி மேசை முழுவதும் கருத்துக்கணிப்புகள். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்பைக் கடைசிக் கட்டம் முடியும்வரை வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடை விதிக்கிறது என்பதால் எல்லாம் ஒரே நாளில் கொட்டின. பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. ஜூன் 5-ஆம் தேதி அதே மேசையில் விரிந்த எண்கள் வேறு: பா.ஜ.க. 240, காங்கிரஸ் 99, தெலுங்கு தேசம் 16, நிதீஷின் ஐக்கிய ஜனதா தளம் 12. பெரும்பான்மைக்கு 272 வேண்டும். பா.ஜ.க. தனக்கு மட்டும் 370 என்று இலக்கு வைத்துப் புறப்பட்ட தேர்தல் அது. கூட்டணியாக 293 வந்ததால் ஆட்சி நின்றது. நேற்றுவரை உள்பக்கத்து இரண்டு பத்தியில் இருந்த நாயுடு எல்லாப் பத்திரிகையிலும் மடிப்புக்கு மேலே ஏறிவிட்டார். புதுச்சேரியில் யூனியன் பிரதேச அரசின் உள்துறை அமைச்சராக இருந்த நமச்சிவாயத்தை வைத்திலிங்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றது எங்களுக்குப் பெரிய செய்தி. ஆனால் பெஞ்சில் அன்று பேச்சு முழுவதும் அமராவதியும் பாட்னாவும்தான். நாயுடு இந்தப் பக்கம் தாவுவாரா, நிதீஷ் நிற்பாரா என்று ஒவ்வொரு பத்திரிகையும் தன் ஆசையைச் செய்தியாக எழுதிக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று நாட்களில், தம்பி பழைய கட்டைப் பிரித்து 1999 ஏப்ரல் மாதப் பத்திரிகையை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். 269-க்கு 270. ஒரே வாக்கில் வாஜ்பாய் அரசு விழுந்த செய்தி. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதில் தொடங்கியது அது. தமிழ்நாட்டுக் கட்சி ஒன்று ஒருகாலத்தில் இருந்த இடத்தில் இப்போது ஆந்திரக் கட்சி இருக்கிறது என்பதை ஒரு சொல்கூடப் பேசாமல் காட்டினார்.

ஜூன் 9 பதவியேற்புடன் தேர்தல் கட்டுச் சந்தா முடிந்தது. ஆனால் அன்றே பிரான்ஸில் அதிபர் மக்ரோன் நாடாளுமன்றத்தின் கீழவையைக் கலைத்துவிட்டார். வேறு ஊராக இருந்தால் அதோடு யாருக்கும் தொடர்பில்லை. இது புதுச்சேரி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கான 11-ஆவது தொகுதியில் அவர்களுக்கு வாக்கு இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா ஒருவர் கடைக்கு வருவார். பிரெஞ்சுப் பத்திரிகை கடைக்கு வருவதில்லை, அவர் தன் கைக்கணினியில் சந்தா கட்டிப் படிப்பவர். தம்பி கேட்டுக்கொண்டதால் மாலையில் எங்களுக்கு வாசித்துத் தமிழில் சொன்னார். ஜோரேஸ் 1904-இல் தொடங்கிய ‘லுமானித்தே’ வழக்கம்போல் இடதுசாரி அணிக்காக நின்றது. முதல் சுற்றில் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய அணி முன்னிலை பெற்றதும் அதைத் தடுத்தாக வேண்டும் என்று ‘லு மோந்த்’ தலையங்கம் எழுதியது. இரண்டாம் சுற்றுக்கு முன் 200-க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தாமாகவே விலகிக்கொண்டார்கள், எதிர் வாக்கு சிதறக்கூடாது என்று. தேர்தலுக்கு முன்போ முடிந்த பிறகோ கூட்டணி பேசுவதுதான் நமக்குப் பழக்கம். தேர்தலின் நடுவில், கூட்டணி என்ற பெயரே இல்லாமல், ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றதைக் கேட்டபோது பெஞ்சில் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜூலை 7 முடிவில் இடதுசாரி அணி முதலிடம், மக்ரோன் அணி இரண்டாமிடம், தேசிய அணி மூன்றாமிடம். 577 இடங்களில் பெரும்பான்மைக்குத் தேவையான 289 யாருக்கும் இல்லை. செப்டம்பரில் சிறு கட்சி ஒன்றைச் சேர்ந்த மிஷேல் பார்னியே பிரதமரானார், டிசம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவர் அரசு விழுந்தது. அந்தச் சொல்தா ஐயாவுக்குக் கடையில் தேநீர் இலவசம். அது மிகவும் நியாயம்.

இனிக் குறைகள். வெளிச்சம் போதாது. ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் மேசையின் ஒரு முனைக்கு நேராக. மறுமுனையில் உட்கார்ந்தால் ஆங்கில நாளிதழின் சிறிய எழுத்து கண்ணைப் பிழிகிறது. கடல் காற்றில் பழைய கட்டுகள் மஞ்சளித்து ஓரம் நொறுங்குகின்றன. 1999-ஐத் தொடும்போதே தூள் உதிர்ந்தது. நறுக்குக் கோப்புக்கு அட்டவணை கிடையாது, தம்பி இல்லாத நேரத்தில் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பத்து மணிக்கு மேல் போனால் பெஞ்சில் இடமிருக்காது. பெண்கள் வெகு சிலரே வருகிறோம். முதல் சில வாரங்களில் நான் உள்ளே நுழைந்தால் ஓரிருவர் பேச்சை நிறுத்தினார்கள். “அக்கா, நீங்கள் நடுப் பெஞ்சில் உட்காருங்கள், எல்லாப் பத்திரிகையும் கைக்கு எட்டும்” என்று தம்பி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்ன பிறகு அது நின்றது. கழிப்பறை இல்லை என்பதை நான் அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன், மாடி வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சேவையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். செய்தி போலவே அச்சாகும் விளம்பரங்களை அவர் காலையிலேயே தேடிப்பிடித்து மூலையில் சிவப்புப் பென்சிலால் ‘விளம்பரம்’ என்று எழுதிவிடுகிறார். வாக்குப்பதிவு நாளிலும் முந்தைய நாளிலும் பத்திரிகையில் வரும் அரசியல் விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. ஆனால் முதல் பக்கம் முழுவதையும் மூடிக்கொண்டு பத்திரிகையின் பெயரையும் மேலே தாங்கி வரும் விளம்பரத்தை, அவசரமாகப் புரட்டுகிறவர் செய்தி என்றுதான் நினைப்பார். எழுத்துருவில் சிறு மாற்றம், கீழே பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான் வேறுபாடு. பிழை திருத்திய கண்ணுக்கே அது சில சமயம் தப்பும். எந்தக் கட்சிக்காரர் கேட்டும் வாசலில் கொடியோ வேட்பாளர் படமோ ஒட்ட அவர் விட்டதில்லை. நாளிதழ்களின் தலைப்புச் சுவரொட்டிகளைக்கூட எல்லாவற்றையும் ஒரே உயரத்தில்தான் மாட்டுகிறார்.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போங்கள். சில்லறையாகப் பத்து ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை கடை மூடியிருக்கும். வண்டியைக் குறுக்குத் தெருவில் நிறுத்தாமல் மணிக்கூண்டுப் பக்கமே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் குழல்விளக்கு இருக்கும் முனையில் இடம் பிடியுங்கள். ஏனாம், மாஹே, காரைக்காலிலிருந்து வருகிறவர்கள் ஊர்ப் பத்திரிகை ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும் தம்பி வாங்கி மேசையில் விரிப்பார்.